முதுகின் அளவு

மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அம்மா இரண்டு மலைப் பைகளையும் கட்டில்மேல் தூக்கி வைத்தாள்.

ஒன்று அம்மாவுக்கு, இன்னொன்று தனக்கு என்று மகள் சொல்லியிருந்தாள்.

சந்தேகம் இன்றைக்கு முளைத்ததல்ல. வருஷா வருஷம் இமயமலையில் செங்குத்தான பாதையாகத் தேடிப் போகிற பெண், திடீரென்று அம்மாவையும் கூட்டிப் போகிறேன் என்றாள். முதல்முறை வருகிறவர்களுக்குத் தோதாக ஒரு கணவாய் இருக்கிறதாம். பாதை மெல்லத்தான் உயருமாம். மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். உடம்பு அதற்குப் பழக வேண்டும். அதனால் வழியில் ஓரிடத்தில் ஏறாமல் ஒருநாள் முழுக்கத் தங்க வேண்டுமாம்.

"நாள் பூரா அங்க உட்கார்ந்து என்னடி பண்றது?"

"சும்மா பேசிக்கிட்டு இருக்கலாம்மா."

"பேசறதுக்கு அவ்வளவு தூரம் ஏறணுமாக்கும். இங்க பேசினா காது கேட்காதா?"

கடைசியில் அம்மா ஒரே நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். மலையில் அப்பா பேச்சை எடுக்கக் கூடாது. எடுத்தால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுவாள். அவர் வேறு வீடு பார்த்துப் போனதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. மகள் மட்டும் இரண்டு வீட்டுக்கும் போய்வருவாள். இங்கே நடந்ததை அங்கே சொல்லமாட்டாள், அங்கே நடந்ததை இங்கே சொல்லமாட்டாள். பொய்யும் சொல்லமாட்டாள். அம்மாவுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு நம்பிக்கைதான்.

பைகளை அவள் முறையாகச் சோதித்தாள். சட்டைக் கம்பெனியில் அவள் வேலையே அதுதான். தைத்து முடித்த சட்டை பெட்டிக்குள் போகுமுன் அவள் விரல் படாமல் போகாது.

தன் பையில் கூடாரத் துணி இருந்தது; அதை நிறுத்தும் கம்பிகள் இல்லை. அடுப்பு இருந்தது, எரிவாயுக் குப்பி இல்லை.

அதில் தப்பில்லை. மலையில் பாரத்தை அப்படித்தான் பங்கிடுவார்கள். துணி ஒருவர் முதுகில், கம்பி இன்னொருவர் முதுகில். பாதியில் கோபித்துக்கொண்டு ஒருவர் முன்னால் போய்விட்டால் இருவருமே பனியில்தான் படுக்க வேண்டும்.

மற்றப் பையைத் திறந்தாள். கம்பிகள் இருந்தன, குப்பி இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது.

பையைத் திருப்பினாள்.

மலைப் பையின் பாரம் தோளில் இறங்கக் கூடாது. இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். கழுத்தடியில் துருத்துகிற எலும்பிலிருந்து இடுப்புவரை உள்ள நீளம் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் தோளில் மாட்டும் பட்டைகளை மேலும் கீழும் நகர்த்தி ஒட்டிக்கொள்ளும்படி பையின் பின்புறத்தைச் செய்திருப்பார்கள்.

இந்தப் பையில் அவை உச்சியில் ஒட்டியிருந்தன.

மகள் அம்மாவின் தோளுயரம்கூட இல்லை. இதை மாட்டினால் பட்டைகள் காதை இடிக்கும். தெரியாமல் ஒட்டியிருப்பாள் என்று சொல்லவும் வழியில்லை. மலையேறுகிறவர்களுக்குக் கூடாரமும் பையும் வாடகைக்கு விடுகிற கடையில்தான் அவளுக்கு வேலை. வருகிறவர்களின் முதுகை அளப்பதே அவள்தான்.

நெட்டையான முதுகு. ஆம்பிளை முதுகு.

ஆக, ஒருத்தன் இருக்கிறான். வீட்டுக்குக் கூட்டிவந்து காட்டப் பயந்துகொண்டு, திரும்பி ஓட முடியாத உயரத்தில் வைத்துக் காட்டப் போகிறாள்.

அப்படியானால் மகளுடைய பை எங்கே?

கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அலமாரியின் மேலே பார்த்தாள். மூன்றாவது பை இல்லை. கூடாரத் துணியின் உறையைப் புரட்டினாள். இரண்டு பேருக்கானது என்று அச்சடித்திருந்தது.

மகள் வரவே போவதில்லை.

எந்தப் பெண்ணாவது காதலனை அம்மாவோடு தனியாக மலைக்கு அனுப்பி வைப்பாளா? சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது.

கை தானாகவே பையின் பட்டைகளைப் பிடித்து, இரண்டையும் சேர்த்து வைத்து நீளம் பார்த்தது. காலரானாலும் கைப்பட்டியானாலும் ஜோடி சேர்த்துப் பார்ப்பது அதன் பழக்கம்.

வலது பட்டை இரண்டு விரற்கடை குட்டை.

அவசரத்தில் இழுத்துவிட்டதல்ல. கொக்கி கடித்த இடத்தில் நாடா நன்றாக மடிந்து வெளுத்திருந்தது. யாரோ பாரத்தோடு பல நாள் இதை மாட்டி நடந்து பழகியிருக்க வேண்டும். மாடிப்படி ஏறி இறங்கியிருக்க வேண்டும். நடந்து நடந்து, இறங்கிய தோளுக்குச் சரியாகப் பட்டையை இழுத்து வைத்திருக்க வேண்டும்.

வலது தோள் இறக்கம். இரண்டு விரற்கடை. சட்டையில் அந்தப் பக்கத்தை மட்டும் தாழ்த்தித் தைக்காவிட்டால் காலர் ஒருபுறம் தூக்கிக்கொண்டு நிற்கும். தையல்கடைக்காரர்கள் யாருக்கும் அது பிடிபட்டதில்லை. கல்யாணமான புதிதில் அவளே அளந்து, அவளே தைத்தாள்.

அந்த அளவை அவள் எங்கும் எழுதி வைத்ததில்லை.

குளியலறைக் கதவு திறந்தது. தலையில் துண்டோடு வந்த மகள், கட்டிலைப் பார்த்தாள்; அம்மாவின் கையிலிருந்த பட்டையைப் பார்த்தாள்.

"ம்மா... நான் சொல்லணும்னுதான்..."

"கூட வரது நான்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. நானும் அவரும் போறோம்னு நினைச்சிட்டிருக்கார்."

அம்மா பையின் வாயை இழுத்துக் கட்டினாள். முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"சொல்லித் தொலைச்சிடாதே" என்றாள்.