திரும்பி வரும்வரை

பிலோமினாவுக்கு வார்த்தைகள் தடுமாறத் தொடங்கியபோது, ஸ்கேனில் மூளைக்குள் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. வீக்கம் வடிய ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். சில நாட்களில் பழையபடி பேசினாள். அடுத்த ஸ்கேனில் திட்டையே காணோம். கணவர் சூசை டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

டாக்டரின் முகம் தெளியவில்லை. “போகலைங்க, ஒளிஞ்சிருக்கு. லிம்போமாங்கிற புற்றுநோய் இப்படித்தான் மாத்திரைக்கு மறையும். துளி சதை எடுத்துச் சோதிச்சாத்தான் உறுதியாத் தெரியும். இப்ப எடுத்தா ஒண்ணும் சிக்காது. மாத்திரையைக் கொஞ்சங்கொஞ்சமா நிறுத்திட்டுக் காத்திருப்போம்.”

“எதுக்கு சார்?”

“அது திரும்பி வர்றதுக்கு.”

அன்றிலிருந்து சூசை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பேசினால் பயந்தார். பேசாமலிருந்தால் இன்னும் பயந்தார்.

ஒரு காலையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் சட்டியைக் காட்டி, “அந்த மழைய இங்க தாங்க” என்றாள். அவர் சட்டியை நகர்த்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிலோமினா அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தாள்.

“அது வந்துட்டு, என்ன?”

அவர் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அழாதீங்க. ஆட்டோவக் கூப்பிடுங்க. அப்படியே நம்ம மகளுக்கும்...” என்றவள், மகளின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தபடியே நின்றாள்.