தேவலோக வழக்கம்

“ஏம்மா, நீ எங்க கின்ஸ்லி வகுப்பா?”

பிறந்தநாள்காரியின் அம்மா ப்ரூக் குனிந்து கேட்டதும், சிறுமி டெல்லா பஞ்சுமிட்டாயை விழுங்க மறந்து நின்றாள். அழைப்பு இல்லாமல் வந்தவள். கேக் வெட்டுவதற்குள் மாட்டிக்கொண்டால் வெளியேதான்.

“நடன வகுப்புல கூட ஆடுற பொண்ணு போலிருக்கு. அப்படித்தானே பாப்பா?” என்று குறுக்கே வந்தாள், விழாவுக்கென்று அமர்த்தியிருந்த தேவதை வேஷக்காரி.

டெல்லா தலையாட்டினாள். ப்ரூக்கும் அதற்கு மேல் கேட்கவில்லை. பெற்றவர்கள் பிள்ளைகளை வாசலில் இறக்கிவிட்டு, காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். அத்தனை வாண்டுகளில் எது யாருடையது என்று யார் கண்டது?

ஒஹையோவின் இளவெயிலில் சோப்புக் குமிழிகள் மிதந்தன. காற்றடைத்த கோட்டை மெல்ல அசைந்தது. நெற்றியில் ஒற்றைக் கொம்பு கட்டிய குட்டிக் குதிரை, கனவில் நடப்பதுபோல் புல்வெளியைச் சுற்றி வந்தது. பிறந்தநாள்காரி கின்ஸ்லியோ, மலையாய்க் குவிந்த பரிசுகளை ஒவ்வொன்றாகக் கிழித்து, “இது ஏற்கெனவே என்கிட்ட இருக்கு!” என்று வீசிக்கொண்டிருந்தாள். கொடுத்து வைத்தவள்; அது அவளுக்கே தெரியவில்லை.

தேவதை ஒவ்வொரு குழந்தையின் தலையையும் மந்திரக்கோலால் தொட்டுக்கொண்டே வந்தாள்.

“உன் ஆசை என்ன பாப்பா?”

“கேக்குல மெழுகுவத்தி இருக்குல்ல... அதுல ஒண்ணே ஒண்ணு நான் ஊதணும்,” என்று கிசுகிசுத்தாள் டெல்லா.

மந்திரக்கோல் அவள் தலைமேல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

மூன்றடுக்குக் கேக் வந்தது. எல்லோரும் பாடி முடித்தார்கள். கின்ஸ்லி கன்னத்தை உப்பினாள்.

“நில்லுங்க, நில்லுங்க! எங்க தேவலோகத்துல ஒரு வழக்கம் உண்டு. எல்லாப் பிள்ளைங்களும் சேந்து ஊதினாத்தான் ஆசை பலிக்கும்!” என்றாள் தேவதை.

ப்ரூக்கின் முகம் சுருங்கியது. “காசு குடுக்கிறது நான், சட்டம் போடறது இவளா?” என்று தங்கையிடம் முணுமுணுத்தாள். அதற்குள் வாண்டுகள் முண்டியடித்து மேசையைச் சூழ்ந்துவிட்டார்கள். டெல்லா கண்ணை மூடிக்கொண்டு, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி ஊதினாள்.

விழா முடிந்தது. தெருக்கோடி மரத்தடியில் நின்ற பழைய காரில் தேவதை தன் இறக்கைகளைக் கழற்றிப் போட்டாள். மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு டெல்லா ஏறினாள்.

“உன் பொறந்தநாள் பிடிச்சிருந்துதாடி கண்ணு?”

“ரொம்ப! நான் ஒரு தடவைகூட உன்னை அம்மான்னு கூப்பிடலை, பாத்தியா?”