வைவாவுக்குப் பத்து நிமிடம்

பிஎச்.டி. வைவாவுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பல்கலைக்கழக வராந்தாவில் அனுஷா குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள். சாலைக் கடைத்தெருவில் தன் கடையை அடைத்துவிட்டு வந்திருந்த அப்பா லிங்கராஜ் கேட்டார்.

“மோளே, இந்த ஆராய்ச்சியை மனப்பாடமா வச்சிருக்கியே, அதை எனக்கு ஒருக்கா சொல்லு. நானும் நாலு பேருகிட்ட சொல்லணும் அல்லே?”

“செல்லுக்கு வெளியே இருந்து ஒரு சேதி வரும்பா. உடனே உள்ளே சும்மா கிடக்கிற புரோட்டீன்ல ஒரு பாஸ்பேட் ஒட்டும். ஒட்டினதும் அது எழுந்து போய் ஜீனை வேலை செய்ய வைக்கும்.”

“அந்தப் பாஸ்பேட்டைப் பிச்சு எடுத்துட்டா?”

“ஜீனும் அடங்கிரும்.”

“இவ்வளவுதானா! இதுக்கா அஞ்சு வருஷம்?”

அனுஷா சிரித்துவிட்டாள். பயம் பாதி போயிற்று.

கதவு திறந்தது. “செல்வமணி லிங்கராஜ், உள்ளே வரலாம்.”

பக்கத்தில் கண்மூடி உட்கார்ந்திருந்த அம்மாவை எழுப்பி, புடவை மடிப்பைச் சரிசெய்தாள் அனுஷா. “தைரியமா போம்மா. நான் பிறந்தப்போ நிறுத்தின படிப்பு. என் ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்கு முந்தி உன் ரிசல்ட் வரட்டும்.”

இரண்டு மணி நேரம் கழித்துப் பேராசிரியர் வெளியே வந்தார்.

“டாக்டர் செல்வமணியோட வீட்டுக்காரங்க யாரு?”

லிங்கராஜ் ஒரு கையைத் தூக்கினார். அனுஷா இரண்டு கைகளையும் தூக்கினாள்.