மணல்திட்டில் ஓர் ஆள்

ராமநாதபுரத்தில் நொடித்துப்போன வீடியோ கேம் கம்பெனியின் சொத்துகளை அன்று காலை விற்றார்கள். நாற்காலி, கம்ப்யூட்டர் எல்லாம் போய்த் தொலையட்டும். கீர்த்தனி வரைந்த அகதிப் படகு விளையாட்டும் பட்டியலில் இருந்தது. ‘பாத்திரங்கள்: பதினெட்டு.’

“நான் கீறினது பதினேழு பேர்தான்.”

முதலாளி சேதுபதி திரையைத் திருப்பினார். படகில் பதினேழு பேர். பின்னால், மணல்திட்டில் ஒருத்தி தனியே நின்றாள். கீர்த்தனியின் அம்மா. ஆறு வயதில், இலங்கையிலிருந்து தப்பி வந்தபோது, அந்தத் திட்டிலிருந்து இவளை ஏற்றிவந்த படகில் அம்மாவுக்கு இடமில்லை. அடுத்த நடை போனபோது திட்டில் ஆளில்லை. அம்மாவை வரைய இவளுக்கு ஒருநாளும் கை வந்ததில்லை.

“என்ர அம்மாவை விக்கிறதுக்கு நீங்கள் ஆர்?”

“வாங்குறவரு வண்டியோட நிக்கிறாரு. வரைஞ்சவ நீ, பேசாம கையெழுத்தப் போடு தாயி.”

“போடமாட்டன்!” பட்டியலைக் கிழித்து அவர் மேசையில் விட்டெறிந்தாள்.

அவர் அலட்டிக்கொள்ளாமல் திரையில் மறுபடி எண்ணிக் காட்டினார். பதினெட்டேதான். ஆனால் படகில் இப்போது பதினாறு பேர். கீர்த்தனி தன் முகத்தை வைத்து வரைந்திருந்த சிறுமியின் இடம் காலியாக இருந்தது. திட்டில் இரண்டு பேர் கைகோத்து நின்றார்கள்.