பறிமுதல்

வகுப்பின் நடுவில் கீர்த்தனாவின் பையிலிருந்து செல்போன் அலறியது. சிவாஜிநகர் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த ஹேமலதா டீச்சர் அதைப் பறிமுதல் செய்து, அவளுடைய அம்மாவை வரவழைத்தார்.

சுகந்தி வந்து நின்றாள். கெஞ்சப் போகிறாள் என்று நினைத்து டீச்சர் முந்திக்கொண்டார்.

“ஸ்கூல்ல போன் கூடாதுன்னு ரூல் போட்டாச்சு. முழுப் பரீட்சை முடிஞ்சாத்தான் திருப்பித் தருவோம்.”

“ரொம்ப சந்தோஷம் மிஸ். நடுவுல யாரு வந்து கேட்டாலும் குடுக்காதீங்க.”

டீச்சர் அசந்துபோனார். “எல்லா அம்மாவும் உங்கள மாதிரி இருந்தா புள்ளைங்க உருப்பட்டுடும். ஆனா, சின்னப் பொண்ணுக்கு எதுக்கு இவ்ளோ காஸ்ட்லி போன் வாங்கிக் குடுத்தீங்க?”

“அவளுக்கு ஏது மிஸ் போன்? இது எங்க வீட்டுக்காரரோடது. விடிய விடிய ரீல்ஸ் பாத்துட்டு வேலைக்கே போறதில்ல. நான்தான் காலையில அவ பையில போட்டு அனுப்பினேன்.”

“ஐயோ! அவரு இங்க வந்து சண்டை போட்டா?”

“எந்த மூஞ்ச வெச்சிக்கிட்டு வருவாரு?” சுகந்தி சிரித்தாள். “இந்த ரூலப் போட்ட பேரன்ட்ஸ் கமிட்டிக்கு அவருதானே தலைவரு!”