கூண்டும் பெல்ட்டும்

மில்லில் ஓடும் பெல்ட்டுக்கு, தன்னை மூட வேண்டிய கம்பிக் கூண்டைக் கண்டாலே இளக்காரம்.

"வாங்க விருந்தாளி. ஆபீசர் போனதும் மறுபடி மூலைதானே?" என்றது, அரசாங்கத்தின் தொழிற்சாலைப் பாதுகாப்பு வாரச் சோதனைக்காகக் கூண்டைத் தூசி தட்டியபோது.

வந்த ஆபீசரம்மா, சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. சொற்பொழிவே கிடையாது. வைக்கோல் திணித்த சட்டைக் கையைக் குச்சியில் கட்டி பெல்ட்டிடம் நீட்டினார். கண்மூடித் திறப்பதற்குள் அது நார்நாராகிவிட்டது.

கிழிந்த சட்டைக் கையையும், பக்கத்தில் நெல் அள்ளும் செவ்வந்தியின் கையையும் மாறி மாறிப் பார்த்தது பெல்ட்.

"நானா இப்படிச் செஞ்சேன்?"

"நீயேதான்டா," என்றது கூண்டு.

கூண்டை மாட்டச் சொல்லி, மாட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தம்மா கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் முதலாளி கூண்டைக் கழற்றிப் போட்டார்.

பெல்ட் சக்கரத்திலிருந்து நழுவி விழுந்தது. மாட்டினார்கள், திரும்பவும் விழுந்தது. கூண்டைப் பூட்டிய பிறகுதான் ஓடியது.