பாலத்தில் ஏறிய ஆடு

முப்பத்தொரு கட்டுரையிலும் அந்த ஆடு இருந்தது.

ஊர்ப் பாலம் திறந்த அன்று அதை முதலில் கடந்தது இன்ஜினியர் வீட்டு ஆடுதான் என்று ஒருவர் விடாமல் எழுதியிருந்தார்கள். கமா கூட இடம் மாறவில்லை.

"இணையக் கலைக்களஞ்சியத்தைப் பார்த்து அப்படியே இறக்கி வெச்சிருக்கீங்க" என்றார் வரலாற்று டீச்சர். "அப்படி ஒரு ஆடே கிடையாது. எனக்கு நல்லாத் தெரியும். எல்லாருக்கும் பூஜ்யம். வருஷ மார்க்குல சேரும். நாளைக்கு ஆளுக்கொரு மன்னிப்புக் கடிதம். கூடவே அம்மாவோ அப்பாவோ வந்து நிக்கணும்."



முப்பத்திரண்டாவது கட்டுரை கடிகாரக் கடைக்காரர் மகளுடையது. அதில் ஆடு இல்லை. மணி அடித்ததும் டீச்சர் அவளை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

"நீ ஒருத்திதான்மா உருப்படி. லைப்ரரிக்குப் போனியா?"

"இல்ல மிஸ், நானும் அந்தக் கலைக்களஞ்சியத்துலதான் படிச்சேன். மத்ததுக்கெல்லாம் கீழ ஆதாரம் போட்டிருந்துச்சு, ஆட்டுக்கு மட்டும் இல்ல. நகராட்சி ஆபீஸ்ல திறப்பு விழாப் பதிவைக் கேட்டேன். மூணு நாள் அலைய விட்டாங்க. அதுலயும் ஆடு இல்ல. அதான் அந்த வரியை எடுத்துட்டேன்."

"கட்டுரையில இருந்தா?"

"கலைக்களஞ்சியத்துல இருந்தே எடுத்துட்டேன் மிஸ், நேத்து. அதுக்குள்ள இவங்க எல்லாரும் எழுதி முடிச்சிட்டாங்க, பாவம்."

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"யார் போட்டதுன்னு தெரியுதா?"

"பேர் இல்ல. எப்ப, எங்க இருந்துன்னு மட்டும் காட்டுது. போன செவ்வாய்க்கிழமை பதினொண்ணே கால். நம்ம ஸ்கூல் இணைப்புல இருந்து."

"எவனாவது பையன் பண்ணியிருப்பான்."

"அன்னிக்கு விளையாட்டு விழா மிஸ். பிள்ளைங்க அத்தனை பேரும் மைதானத்துல இருந்தோம்."

டீச்சர் கட்டுரைக் கட்டை நேராக அடுக்கினார்.

"சரி, ஆள் கிடைச்சா என்ன பண்ணலாம்கிறே?"

அவள் யோசிக்கவே இல்லை. "நீங்க சொன்னதுதான் மிஸ். மன்னிப்புக் கடிதம். கூட அம்மாவோ அப்பாவோ."

அவள் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

டீச்சர் முப்பத்தொரு பூஜ்யத்தையும் அடித்து, பக்கத்தில் 'ஆதாரத்தோடு திரும்ப எழுதவும்' என்று போட்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். 'காப்பி அடிப்பவர்களைப் பிடிக்கத்தான் அந்த ஆட்டை நான்...' என்று ஆரம்பித்து, அடித்துவிட்டு, 'மன்னிக்கவும்' என்று மட்டும் எழுதினார்.

அப்புறம் போனை எடுத்தார்.

"அம்மா, நாளைக்குக் காலைல எங்க ஸ்கூல் வரைக்கும் கொஞ்சம் வந்துட்டுப் போக முடியுமா?"